முயலின் ஏழு சனிக்கிழமைகள்

1944ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு முயல் வந்தது. அன்றைய நாட்குறிப்பில் அதற்கு நான் கொடுத்த இடம் இவ்வளவுதான்: “மச்சான் வந்தான். கூடையில் வெள்ளை முயல். மூன்றே காலுக்கு மழை பிடித்து ஐந்து மணிக்கு விட்டது.” முயலைவிட மழைக்குத்தான் அன்று என்னிடம் மரியாதை அதிகம்.

நான் அப்போது கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாய்தா தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் எந்தத் தேதியில் தண்ணீரை ஜாஸ்தி ஊற்றினார், திருப்பாதிரிப்புலியூர்த் தேர் எத்தனை மணிக்கு நிலைக்கு வந்தது, அடுத்த வீட்டு மாமரம் எந்தக் கிழமை பூத்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். பெரிய தேசங்களின் சரித்திரங்களை வாங்கி வாங்கிப் படித்தவன் நான். எழுதினவன் தான் எழுதியதையும் ஒரு தரம் படிக்கவேண்டும் என்று அவற்றில் ஒன்றும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. சிதம்பரத்தில் தாயாருடன் இருந்துகொண்டு அண்ணாமலை நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தான். மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்குத் தவளையும் முயலும் கொண்டுவரும் வியாபாரி, பழக்கத்துக்காக ஒரு குட்டியை அவன் கையில் இனாமாகக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்குப் பொழுது போகும் என்று அதை எங்களிடம் கொண்டுவந்து விட்டான். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அக்காவுக்குப் பொழுது போகவேண்டும் என்று ஒரு தம்பி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் யாரும் கேட்கவில்லை.

என் மனைவி முயலுக்குப் பெயர் வைக்கச் சம்மதிக்கவில்லை. பெயர் வைத்தால் தெரு சிரிக்கும் என்றாள். தெரு ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, எதுவானால் என்ன, வீட்டில் ஒரு ஜீவன் நடமாடினால் சரி என்று சொல்லிப் போனாள். அன்று மாலை என் மனைவி அந்த வீட்டிலிருந்து இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். பிறகு அந்த வீட்டில் எதையும் இரவல் கேட்டதில்லை.

முயல் அவளுக்கு ‘இவன்’ ஆயிற்று. சமையலறையிலிருந்து கிணற்றடிக்கு அவள் போனால் பின்னாலேயே போகும். அவள் நின்றால் அதுவும் நின்று, மோவாயை அவள் பாதத்தின்மேல் வைத்துக்கொள்ளும். நான் கோர்ட்டுக்குப் போயிருக்கும்போது அதனோடு பேசுவாள் போலிருக்கிறது. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். கிணற்றடியில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. அங்கே அவளும் முயலும்தான் இருந்தார்கள். இருவரும் என்னைப் பார்த்த பார்வை, விசாரணைக்கு நடுவில் தப்பான கட்சிக்காரன் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் என் மாமியார் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார். மகள் வீட்டில் வந்து தங்க அந்தக் காலத்தில் ஒரு தாயாருக்குத் தக்க காரணம் வேண்டும். எட்டு வருஷமாக அது அமையவில்லை. முயலைக் கேள்விப்பட்டு வந்துவிட்டார். கையில் ஒரு தகரப்பெட்டி. அதில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், உரைகல், ஓமம், கட்டிச் சாம்பிராணி, புகை போடுகிற மண் தூபக்கால். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே சேர்த்து வைத்த பெட்டி அது. துருப்பிடிக்காமல் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். திறப்பதற்கு ஒரு நாள் வந்தது. வந்தது நாலு காலோடு வந்தது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து நிற்பதில்லை, நேரே பேசுவதும் இல்லை. அவர் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்வேன். நான் மனைவியிடம் சொல்வேன், அவர் கேட்டுக்கொள்வார். மூன்று முழ தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தபாலாபீஸ். சில சமயம் நான் சொன்னதும் அவர் கதவுக்குப் பின்னால் சிரித்துவிட்டு, மகள் திருப்பிச் சொல்லும்வரை கேட்காததுபோல் காத்திருப்பார். மரியாதை என்றால் அதுதான்.

வந்த மறுநாளே, முயலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் ஸ்நானம் வேண்டும் என்று கதவுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. பெண் என்றால் வெள்ளிக்கிழமை, ஆண் என்றால் சனிக்கிழமை. இது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியவில்லை. மச்சானுக்குக் கார்டு போட்டோம். ஆண் என்று நாலாம் நாள் பதில் வந்தது. சனிக்கிழமை என்று முடிவாயிற்று. நெற்றியில் காய்ச்சிய நல்லெண்ணெய், காது இரண்டையும் நீவி விடுதல், சீயக்காய், இளஞ்சூட்டில் வெந்நீர். பிறகு துண்டில் சுற்றி, பிரம்புக் கூடைக்குள் விட்டு, கூடைக்கு அடியில் தூபக்காலில் சாம்பிராணி. பச்சைக் குழந்தைக்குத் தலை காய்வதற்குப் போடுகிற அதே புகை. முயலின் முன்னங்காலில் வசம்பு கோத்த ஒரு கறுப்புக் கயிறும் ஏறியது.

இதைத் தடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேடிக்கையாக இருந்தது, எழுதி வைத்தேன். “கார்த்திகை முதல் சனி: முயல் அப்யங்க ஸ்நானம் செய்தருளியது. சாயங்காலம் இரண்டு தும்மல்.” “இரண்டாம் சனி: ஸ்நானம், தூபம். ஞாயிறு காலை ஐந்து தும்மல். மூக்கில் ஈரம்.” “மூன்றாம் சனி: கூடையிலிருந்து எடுத்ததும் முயல் மாமியாரின் புடவையில் தும்மியது. நல்ல காட்சி.” இப்படியே ஆறு சனிக்கிழமைகள். என் நடை வாரத்துக்கு வாரம் மெருகேறிக்கொண்டு போனதை இப்போது பார்த்தாலும் தெரிகிறது.

மார்கழி மூன்றாம் சனிக்கிழமை ஏழாவது ஸ்நானம். இரண்டு நாளாக மழையும் வாடைக்காற்றும். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்திருந்தோம். குளிர் ஜாஸ்தி என்பதால் மாமியார் புகையையும் ஜாஸ்தியாகப் போட்டார். கூடத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஆறே காலுக்கு என் மனைவி வந்து எழுப்பினாள். “ஏங்க, இவன் வாயத் தொறந்து மூச்சு வுடறான்.”

முயல் கூடத்து மூலையில் முன்னங்கால்களை அகற்றி வைத்து, கழுத்தை நீட்டி, தலையை மேலே தூக்கிக்கொண்டு இருந்தது. விலா இரண்டும் கிழிந்த துருத்திபோல் அடித்துக்கொண்டன. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கீச்சுச் சத்தம். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. என் மனைவி கீழே உட்கார்ந்து பாதத்தை நீட்டினாள். அது மோவாயை வைக்கவில்லை. அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நான் கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ண ஆரம்பித்தேன். நூறு வரைக்கும் எண்ண முடிந்தது, அதற்குமேல் என் உதடு பின்தங்கிவிட்டது. “நிமிஷத்துக்கு நூறுக்கு மேல்” என்று நோட்டில் எழுதினேன். நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து, படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். ஏலத்தில் எடுத்த பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று என்னிடம் இருந்தது. காட்டு முயலைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கண்டுபிடித்தேன். எந்த நாட்டில் எந்த நிறம், எத்தனை குட்டி, வேட்டை நாய் துரத்தினால் எப்படித் திரும்பி ஓடும், எல்லாம் இருந்தது. வீட்டு முயலுக்கு வேறு தொகுதியைப் பார்க்கவும் என்று அடியில் போட்டிருந்தது. அந்தத் தொகுதி ஏலத்திலேயே வரவில்லை. இந்த ஆராய்ச்சிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் ஒரு ஜன்னலைத் திறந்திருக்கலாம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கால்நடை வைத்தியர் இருந்தார். பட்டாளத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். கூடையைத் தூக்கிக்கொண்டு ஜட்காவில் போனோம். அவர் முயலைப் பார்ப்பதற்கு முன் ஜட்காக் குதிரையைப் பார்த்து, அதற்கு லாடம் சரியில்லை என்று வண்டிக்காரரைக் கால் மணி நேரம் வைதார். பிறகு கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு எவ்வளவு கொள்ளு சாப்பிடுகிறது, ஓடவிட்டால் எவ்வளவு தூரம் களைக்காமல் ஓடும் என்று விசாரித்தார். அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே மிருகம். மற்றவை எல்லாம் அதன் சின்ன அளவுகள்.

குதிரைக்குச் சளி கட்டினால் கொடுக்கிற மருந்தை, குதிரை எடையில் முயல் எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்றார். என்னை மளிகைக் கடைக்கு அனுப்பி முயலை நிறுத்துவரச் சொன்னார். மூச்சுத் திணறுகிற பிராணியைத் தராசுத் தட்டில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். மிளகாய் வாங்க வந்தவர் ஒருவர், என்ன விலை போகுது என்று கேட்டார். என் மனைவி தட்டிலிருந்து முயலைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். எடையை அதற்குள் நான் பார்த்துவிட்டேன் என்று அவள் பின்னால் போய்ச் சொன்னேன்.

கணக்குப் பார்த்ததில் மருந்து ஒரு துளியில் பாதி வந்தது. பாதித் துளியை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் மருந்தை வெந்நீரில் விட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது, லாயத்தில் காற்று நன்றாக வரவேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார். லாயம் என்று சொன்னதால் அது எங்களுக்கு இல்லை என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் அன்று சொன்னதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

வீட்டில் சாத்திய ஜன்னல் சாத்தியபடி, கம்பளிக்குள் ஆவி பிடித்தோம். அது போதவில்லை என்று மாமியார் கரியில் ஓமத்தைத் தூவிப் புகை காட்டினார். புகையால் வந்ததைப் புகையாலேயே விரட்டுகிற வைத்தியத்தில் எங்கள் வீட்டில் அன்று மூன்று பெரியவர்கள் ஈடுபட்டிருந்தோம். மூன்று பேரும் இருமினோம். இருமிக்கொண்டே, முயலுக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது என்று யோசித்தோம்.

திங்கட்கிழமை காலை அது புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் மனைவி என்னிடம் வந்து, “இவன் போயிட்டான்னா இன்னொண்ணு வாங்கித் தரேன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது” என்றாள். நான் அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

சிதம்பரம் போவது என்று அவளே தீர்மானித்தாள். முயலைப் பற்றித் தெரிந்தவன் என்று எங்கள் குடும்பத்தில் இருந்தது அவள் தம்பி ஒருவன்தான். வக்கீலிடம் லீவு கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது முயல் வாதியா பிரதிவாதியா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

திருவாதிரைக்குச் சில நாளே இருந்தது, ரயிலில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை இருக்கிற பெட்டியில் மாமியார் உட்காருவது எப்படி? அவரும் என் மனைவியும் பெண்கள் பெட்டியில் ஏறினார்கள். அங்கே கூடை வைக்க இடம் இல்லை. அதனால் முயல் என்னோடு வந்தது. முயல் பிழைத்ததற்குக் காரணம் மரியாதைதான் என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கமாட்டேன்.

எனக்குக் கடைசிப் பெட்டியில் கிழக்குப் பக்கத்து ஜன்னல் கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம், அதன் பலகை உடைந்து, எவ்வளவு இழுத்தாலும் சாத்த முடியாமல் இருந்தது. குளிருக்குப் பயந்து யாரும் அங்கே உட்காரவில்லை. கடல் பக்கத்திலிருந்து வாடைக்காற்று நேரே அடித்தது. இஞ்சின் புகையெல்லாம் மறுபக்கம் போயிற்று. கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூச்சை எண்ணி எழுதினேன். ஆலப்பாக்கத்தில் எண்ண முடியவில்லை. புதுச்சத்திரத்தில் நூற்றுப் பத்து. பரங்கிப்பேட்டையில் வாய் மூடியிருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் மூக்கைக் கூடை இடுக்கில் நீட்டி ஆற்றை முகர்ந்தது. கிள்ளையில் எழுபது. எதிரில் இருந்த பெரியவர் ஒருவர், நான் கூடையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, முட்டை பொரிக்க எவ்வளவு நேரம் இருக்கு என்று கேட்டார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் என் மனைவி ஓடி வந்தாள். நான் நோட்டைப் பிரித்து ஆலப்பாக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

“கணக்கு கேக்கல. உசுரோட இருக்கானா?”

இருந்தான். கூடையைத் திறந்ததும் அவள் விரலை மோந்து பார்த்தான். மாமியார் நாலடி தள்ளி நின்று மகளிடம், ஓமம் இப்பதான் வேலை செய்யுது என்றார்.

வடக்கு வீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. மச்சான் மாலையில் வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, முயலின் மார்பில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். மூச்சுக்குழாய் எங்கே ஆரம்பித்து எங்கே இரண்டாகப் பிரிகிறது, நுரையீரலின் எந்த மடலுக்குப் பக்கத்தில் எந்த நரம்பு, ஒன்றும் விடவில்லை. நான் எழுதிக்கொண்டேன். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“அது தெரியாது மாமா. எங்ககிட்ட வர்றதுக்கெல்லாம் ஒரே மருந்துதான், குளோரோபாரம்.” பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு தெரியும். முயலுக்கு மூக்காலதான் மூச்சு. வாயத் தொறந்துடுச்சுன்னா ரொம்ப நேரம் தாங்காது.”

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. அந்த வீட்டில் விளக்கு வைத்ததும் புகை போடுவது வழக்கம். மாமியார் கடலூரிலிருந்து திரும்பக் கொண்டுவந்த அந்தத் தூபக்காலிலேயே கரியை ஊதிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கூடைக்கு அருகில் ஒரு சுற்று கூடுதலாகக் காட்டினார், அது நோயாளி என்பதால். அரைக்கால் மணிகூட ஆகியிருக்காது, முயல் கழுத்தை நீட்டியது. முன்னங்கால் இரண்டையும் அகற்றியது. வாயைத் திறந்தது.

என் மனைவி கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கம் போகவில்லை, நேரத்தைக் குறிக்க நோட்டைப் பிரித்தேன். புதிய பக்கத்துக்குப் பதிலாகக் கை தவறிப் பழைய பக்கம் திறந்தது. கார்த்திகை இரண்டாம் சனி: ஸ்நானம், தூபம், ஞாயிறு ஐந்து தும்மல். புரட்டினேன். மூன்றாம் சனி. நாலாம் சனி. மார்கழி முதல் சனி. ஒவ்வொரு சனியும் புகை, ஒவ்வொரு ஞாயிறும் தும்மல். வியாழன் வெள்ளியில் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் சனி. நடுவில் ஒரு ரயில், அதில் புகை இல்லாத ஒன்றேகால் மணி நேரம், நூற்றுப் பத்திலிருந்து எழுபது. கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சியம் எங்கள் கட்சிக்குக் கிடைத்தால் வக்கீல் எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. அதை ஏழு வாரம் என் கைப்பட எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

இதை மாமியாரிடம் சொல்லவேண்டும். முறைப்படி மனைவியிடம் சொன்னேன். “புகைதான் காரணம்னு உங்கம்மாகிட்ட சொல்லு.” அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஏழு வருஷம் பூட்டி வைத்த பெட்டியிலிருந்து வந்த தூபக்கால் அது. அதுதான் கொல்கிறது என்று அந்த அம்மாளிடம் அந்த மகள் எந்த வாயால் சொல்வாள்? தபாலாபீஸ் மூடிவிட்டது. மாமியார் காதில் எல்லாம் விழுந்திருந்தது. ஆனாலும் மகள் சொல்லாத வரைக்கும் விழவில்லை என்றுதான் கணக்கு. கையில் தூபக்காலோடு நின்றுகொண்டே இருந்தார். புகை வந்துகொண்டே இருந்தது. முயலின் கீச்சுச் சத்தம் நடுவில் ஒரு மூச்சு விட்டுப்போய் மறுபடி கேட்டது.

நான் எழுந்து அவருக்கு நேரே போய் நின்றேன்.

“அத்தை, அதை வெளியில எடுத்துக்கிட்டுப் போங்க. இந்தப் புகைதான் அதைக் கொல்லுது. நம்ம வீட்டுல ஏழு வாரமா இதேதான் நடந்துருக்கு.”

மச்சான் வாயைத் திறந்தபடி நின்றான், கிட்டத்தட்ட முயலைப் போலவே. மாமியார் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணப் பந்தலுக்குப் பிறகு அன்றுதான் பார்க்கிறார். தூபக்காலைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்துக்கு அப்பால் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார். கதவுக்குப் பின்னால் போகவில்லை.

“ஏழு வாரமா மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“எழுதி வச்சிருந்தேன்” என்றேன்.

“எழுதி வச்சிருந்தாரு” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். வக்கீல்கள் பலரின் குறுக்கு விசாரணையைக் கேட்டிருக்கிறேன். இரண்டே வார்த்தையில் சாட்சியை இப்படி உட்கார வைத்தவர் ஒருவரும் இல்லை.

கூடையை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். மேலே ஓடு இல்லாத இடம், காற்று தாராளமாக வந்தது. ஈரம் படாமல் மச்சான் மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். என் மனைவி பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, பாதத்தைக் கூடைக்குள் விட்டுக்கொண்டாள். யாரும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அதுவே பெரிய புதுமை. காலை ஐந்தரைக்கு நான் போய்ப் பார்த்தபோது வாய் மூடியிருந்தது. மோவாய் அவள் பாதத்தின்மேல் இருந்தது. அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். கடிகாரத்தை எடுத்தேன். பிறகு பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். அன்றைய காலை எத்தனை மூச்சு என்ற விவரம் என் நோட்டில் இல்லை. இருபது வருஷ நோட்டுகளில் நான் வேண்டுமென்றே விட்ட இடம் அது ஒன்று.

ஏழரை மணிக்கு அது ஓர் அறுகம்புல்லை நுனியிலிருந்து அடிவரை தின்றது. மாமியார், மச்சான், நான், மூன்று பேரும் ஏதோ சபையில் பாட்டு கேட்கிற மாதிரி அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

முயல் அதன்பிறகு இரண்டே முக்கால் வருஷம் இருந்தது. தூங்கும்போது மூச்சில் ஒரு சின்னச் சீழ்க்கை மட்டும் கடைசிவரை போகவில்லை. அது பிழைத்த கதைக்குப் பல ஆசிரியர்கள் உண்டு. மஞ்சக்குப்பத்து வைத்தியர் தம் பாதித் துளி மருந்துதான் என்றார். தம் குதிரைகளில் ஒன்றுகூட அவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை என்று பிரமித்தார். மச்சான் தன் காதால் கேட்டே நோயைக் கண்டுபிடித்ததாகக் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிட்டான். மாமியார் சொன்ன கதைதான் ஊரில் நின்றது: “மாப்பிள்ளை நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தாரு. நாந்தான் தூபக்காலத் தூக்கி வெளியில வச்சேன். அப்பதான் பொழச்சுது.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதால் என்னால் ஆட்சேபணை எழுப்ப முடியவில்லை. அவர் பிறகு மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். முயலைக் குளிப்பாட்டுவதை நிறுத்திக்கொண்டார். தகரப்பெட்டியைச் சிதம்பரத்திலேயே வைத்துவிட்டு வந்தார். பூட்டவில்லை என்று மச்சான் சொன்னான்.

மாறியது ஒரு வழக்கம்தான். கடலூருக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, என் மனைவி கையை நீட்டி நோட்டைக் கேட்டாள். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. வாரம் முழுவதும் நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தாள். அது முதல் ஞாயிறுதோறும் படித்தாள். முயலைப் பற்றி எழுதிய இடங்களை விரல் வைத்துப் படிப்பாள். மற்றதைச் சும்மா பார்த்துக்கொண்டு போவாள். நீங்க எழுதுங்க, நான் படிக்கிறேன், ரெண்டு பேர்ல ஒருத்தராவது படிக்கணும் என்று காரணம் சொன்னாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். முயல் அவள் காலடியில் கிடந்து சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது.

“இந்த வாரம் நான் இருமினத நாலு எடத்துல எழுதியிருக்கீங்க. செவ்வாய், புதன், வெள்ளி ரெண்டு தரம்.”

ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது தரமும் இருமினாள், அதை எழுத விட்டுப்போயிற்று என்றும் சொன்னேன்.

“அதுக்கு என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், கூடத்து ஜன்னலைத் திறந்தேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.